தீர்ந்த கேள்வியும் தீராத கேள்வியும்: வகுப்பறையில் இட ஒதுக்கீட்டுப் பாடம்

வாசகர் கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பத்தாம் வகுப்பில் ‘தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்’ பாடத்தில், சாதி, மத வாரியாக இடங்களைப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையை நடத்தியபோது, ஒரு மாணவர் எழுந்து, “எங்களைவிட மார்க் குறைவாக எடுத்தவர்களுக்கு ஏன் டீச்சர் சீட் கொடுக்கிறார்கள்?” என்று கேட்டார். இன்னொருவர், “உங்கள் தெருவில் எங்களைச் செருப்புப் போட்டு நடக்க விடுவீர்களா?” என்று திருப்பிக் கேட்டார். “அவளைக் கேளுங்கள் டீச்சர், அவளுக்குத்தான் ஸ்காலர்ஷிப் வருகிறது” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வர, சுட்டப்பட்ட மாணவி மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை. மறுநாள் ஒரு மாணவரின் தந்தை வந்து, பள்ளியில் சாதி பேசுகிறீர்கள் என்று புகார் செய்தார். பாடத்தை வாசித்துவிட்டு, பின்பக்க வினாக்களை எழுதச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுமாறு தலைமையாசிரியர் சொல்கிறார். இத்தகைய பாடங்களைத் தவிர்ப்பதுதான் சரியா? என் கருத்தை நான் சொல்லலாமா? பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். அவற்றுக்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த அந்த மாணவியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அன்றைய வகுப்பில் நடந்தவற்றுள் உடனடியாகக் கவனிக்க வேண்டியது அதுதான். இட ஒதுக்கீடு சரியா தவறா என்று ஒரு மாணவர் கேட்பது கேள்வி. நாற்பது பேர் நடுவே ஒரு பிள்ளையை விரல் நீட்டி, அவர் பெறும் உதவித்தொகையைச் சொல்லி அடையாளம் காட்டுவது கேள்வி ஆகாது. முதலாவதற்கு வகுப்பில் இடம் உண்டு. இரண்டாவதை, குரலை உயர்த்தாமல், ஆனால் எந்தத் தயக்கமும் இன்றி, “இந்த வகுப்பில் யாரும் யாருடைய சாதியைப் பற்றியும் பேசக் கூடாது” என்று அந்த நிமிடத்திலேயே நிறுத்தியாக வேண்டும். அன்று நிறுத்த முடியாமற்போயிருந்தால், அடுத்த வகுப்பின் தொடக்கத்தில், பெயர் எதையும் சொல்லாமல், விதியாக அறிவியுங்கள். அந்த மாணவியிடம் தனியே பேசுங்கள். நடந்தது அவருடைய தவறன்று என்றும், இனி வகுப்பில் அவரிடம் யாரும் எதற்கும் விளக்கம் கேட்க விடமாட்டீர்கள் என்றும் இரண்டு வாக்கியங்களில் சொன்னால் போதும். எல்லார் முன்னிலையிலும் அவருக்கு ஆறுதல் சொல்ல முனைந்தால், அது அவரை இரண்டாம் முறையாக அடையாளம் காட்டுவதாகவே முடியும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர்களே பல நேரங்களில் இந்தத் தவறுக்கு வழி செய்துவிடுகிறோம். தீண்டாமையை நடத்தும்போது, “உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது, சொல்லு” என்று ஒரு குறிப்பிட்ட மாணவரையே பார்த்துக் கேட்பது, உதவித்தொகைப் படிவம் வந்ததும் “எஸ்சி பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்கள்” என்று வகுப்பில் அழைப்பது, இவையெல்லாம் அன்றாடம் நடப்பவை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, மாணவர்களை அகர வரிசையில் அமர்த்துவது போன்றவற்றைப் பரிந்துரைத்ததன் நோக்கமும் இதுவே: சாதி பற்றிய அறிவு வகுப்பறைக்குள் வர வேண்டும், பிள்ளைகளின் சாதி அடையாளம் வரக் கூடாது. உங்கள் தலைமையாசிரியர் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பாடத்தையே தவிர்க்கச் சொல்கிறார்.

தவிர்ப்பதால் என்ன நேரும் என்பதற்கு உங்கள் பகுதிக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1822-இல் தொடங்கிப் பல கட்டங்களாக நீண்டு, 1859-இல் அரசாணை பெற்றது. இந்த வரலாறு மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு நூலில், உடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்தில் இடம்பெற்றிருந்தது. அதில் நாடார் மக்களை வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று எழுதியிருந்த விதத்துக்கு 2012-இல் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது; அந்த வரிகளைச் சரியான ஆதாரங்களோடு திருத்தி எழுதியிருக்கலாம். நடந்தது வேறு. 2016 டிசம்பரில், அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சிபிஎஸ்இ சுற்றறிக்கை அனுப்பியது. 2019-இல் அந்தப் பாடமே நூலிலிருந்து போய்விட்டது. ஒரு சமூகத்தின் மனம் புண்படக் கூடாது என்று தொடங்கிய செயல், அந்தச் சமூகத்துப் பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடி வென்ற வரலாற்றையே பிள்ளைகளின் கண்ணிலிருந்து அகற்றியதில் முடிந்தது. தவிர்த்தால் அமைதி கிடைக்கும் என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

எனவே பாடத்தை நடத்துங்கள். ஆனால், அன்று நடத்திய வரிசையில் நடத்த வேண்டாம். “இட ஒதுக்கீடு பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்ற கேள்வியிலிருந்து தொடங்கும் எந்த வகுப்பும், வீட்டிலும் தெருவிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டதைப் பிள்ளைகள் ஒருவர்மீது ஒருவர் எறிவதில்தான் போய் நிற்கும். ஆவணத்திலிருந்து தொடங்குங்கள், கருத்து கடைசியில் வரட்டும். உங்களுக்கு மூன்று பாடவேளைகள் கிடைத்தால் போதுமானது.

முதல் பாடவேளையில் கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கை எழுதுங்கள். 1912-இல் சென்னை மாகாணத்தில் துணை ஆட்சியர்கள் 140 பேர். அவர்களுள் பிராமணர்கள் 77, பிராமணரல்லாத இந்துக்கள் 30, மற்றவர்கள் 33. இந்த எண்களை 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை எடுத்துக்காட்டியது. அன்றைய மாகாண மக்கள்தொகையில் பிராமணர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தனர். சதவீதத்தைப் பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு, “இந்த எண்களிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை?” என்று மட்டும் கேளுங்கள். யார் பதவியில் இருந்தார்கள் என்பது தெரிகிறது. ஏன் என்பது எண்ணில் இல்லை. ஆங்கிலக் கல்வி யாருக்கு முதலில் கிடைத்தது, கல்லூரி எந்த நகரங்களில் இருந்தது, ‘பிராமணரல்லாத இந்துக்கள்’ என்ற ஒரே தலைப்புக்குள் நிலக்கிழாரும் கூலி விவசாயியும் ஒன்றாக அடங்கியது எப்படி, பட்டியல் சாதியினர் அந்த 30 பேரில் ஒருவராவது இருந்திருக்க வாய்ப்புண்டா என்ற கேள்விகளைப் பிள்ளைகளே எழுப்புவார்கள். கடைசிக் கேள்வியை ஒருவரும் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள், ஏனென்றால் பிராமணரல்லாதாருக்காகத் தோன்றிய நீதிக்கட்சியின் வரலாற்றைப் பெருமையோடு நடத்தும் நம் பாடங்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

இரண்டாம் பாடவேளையை ஒரு வழக்குக்கு ஒதுக்குங்கள். இந்தப் பாடம் முழுவதிலும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவர் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க மிகச் சிறந்த பொருள் செண்பகம் துரைராஜன் வழக்கு என்பது என் கருத்து. 1921-இலும் 1922-இலும் வகுப்புவாரி அரசாணைகள் வந்து, 1920-களின் இறுதியில் அமைச்சர் முத்தையா முதலியார் காலத்தில் நடைமுறை வலுப்பெற்று, விடுதலையின்போது கல்லூரி இடங்கள் பதினான்கு பதினான்காகப் பிரிக்கப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்று அரிசனங்கள் எனப்பட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே, மருத்துவக் கல்லூரியில் தம் சாதி காரணமாக இடம் மறுக்கப்படும் என்று பிராமணரான செண்பகம் துரைராஜனும், பொறியியல் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதாக சீனிவாசனும் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். அங்கு 1950 ஜூலையிலும், உச்ச நீதிமன்றத்தில் 1951 ஏப்ரல் 9 அன்றும் அரசு தோற்றது. சாதியை மட்டும் காரணம் காட்டி அரசுக் கல்வி நிலையத்தில் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிற 29(2)-ஆம் பிரிவுக்கு அரசாணை முரணானது என்பது தீர்ப்பு. இரண்டே மாதங்களில், ஜூன் மாதம், முதலாவது திருத்தம் வந்தது. சமூக நிலையிலும் கல்வி நிலையிலும் பின்தங்கிய வகுப்பினருக்காக அரசு தனி ஏற்பாடு செய்வதை 29(2) தடுக்காது என்று கூறும் 15(4) சேர்க்கப்பட்டது.

இந்த மூன்றையும், அதாவது பதினான்கு இடங்களின் பட்டியலையும், 29(2)-ஐயும், 15(4)-ஐயும் ஒரு தாளில் தமிழில் எழுதி, நகலெடுத்து, நால்வருக்கு ஒன்று வீதம் கொடுங்கள். ஒரு குழு மனுதாரர் தரப்பை எழுதட்டும், ஒரு குழு மாகாண அரசின் தரப்பை எழுதட்டும், ஒரு குழு தீர்ப்பை எழுதட்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தரப்பு என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்யுங்கள். விருப்பப்படி விட்டால் ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தரப்புக்கே போய்விடுவார்கள். தமக்கு உடன்பாடில்லாத வாதத்தை, அதை நம்புகிறவர் கேட்டாலும் “ஆம், நான் சொல்வது இதுதான்” என்று ஏற்கும் அளவுக்கு நேர்மையாக எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வாதங்கள் முடிந்த பிறகு, தீர்ப்பிலேயே பதிவாகியுள்ள ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை, விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாகவே அவருடைய மனு சொன்னது. சீனிவாசனுக்கோ, மதிப்பெண் மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. இவற்றுள் ஒன்று ஒரு தரப்புக்கு வலுச் சேர்க்கும், மற்றொன்று எதிர்த்தரப்புக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கப் பழகுவதுதான் வரலாறு படிப்பதன் பயன்.

மூன்றாம் பாடவேளையில் இன்றைய நிலைக்கு வாருங்கள். தமிழ்நாட்டின் 69 சதவீதத்தைப் பிரித்து எழுதுங்கள்: முஸ்லிம்களுக்கான 3.5 உட்படப் பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, அருந்ததியருக்கான 3 உட்படப் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. எஞ்சிய 31 பொதுப்போட்டி. அது எந்தச் சாதிக்கும் உரியதன்று, எல்லாப் பிரிவினரும் மதிப்பெண் வரிசையில் அதில் இடம்பெறுகிறார்கள். பொதுப்போட்டி என்பதை முற்பட்ட வகுப்பினருக்கான ஒதுக்கீடு என்று பட்டதாரிகளே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் உங்கள் வகுப்பில் ஓர் அமைதி உண்டாகக் கூடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றில் படிக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அந்த 69-க்குள் ஏதோ ஒரு பிரிவில் இருப்பவர்கள், “அவர்களுக்கு ஏன்?” என்று கேட்ட மாணவரும் அப்படி ஒருவராக இருக்கலாம். அதை நீங்கள் சொல்லிக்காட்டவே கூடாது. பட்டியல் கரும்பலகையில் இருக்கும்போது, தம் இடம் எது என்பதை அவர் தாமே கண்டுகொள்வார்.

இனி, உங்கள் இரண்டாவது கேள்வி. உங்கள் கருத்தைச் சொல்லலாமா என்பதற்கு, எந்தக் கேள்வியைப் பற்றிய கருத்து என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும். ஜெர்மனியில், 1976-இல் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய குடிமைக் கல்வியாளர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். நாஜி ஆட்சியில் வகுப்பறை எதற்குப் பயன்பட்டது என்பதை அறிந்த ஒரு சமூகம் வந்தடைந்த முடிவு அது. ஆசிரியர் தம் கருத்தை மாணவர்மீது திணித்து, அவர் தாமே முடிவெடுப்பதைத் தடுக்கக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையில் உள்ளதை வகுப்பிலும் சர்ச்சையில் உள்ளதாகவே காட்ட வேண்டும். மாணவர் தம் நிலையை ஆராய்ந்து, அரசியலில் பங்கேற்கும் திறன் பெற வேண்டும் என்பவை அதன் மூன்று கூறுகள். இரண்டாவது கூறை ஊன்றிப் பாருங்கள். சர்ச்சையில் உள்ளதைச் சர்ச்சையாகக் காட்டுங்கள் என்றால், சர்ச்சை முடிந்துபோனதைச் சர்ச்சையாகக் காட்டாதீர்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் இந்தக் கோட்டை எங்கே போடுவது? தீண்டாமை தவறா என்பது தீர்ந்த கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதை ஒழித்து, அதன் நடைமுறையைக் குற்றமாக்கிவிட்டது. அதில் இருபக்கமும் கேட்போம் என்று ஆசிரியர் நடுநிலை வகிப்பது, பாதிக்கப்பட்ட பிள்ளைகளைக் கைவிடுவதாகும். செருப்புப் பற்றி அந்த மாணவர் கேட்டது உங்கள் ஊர் நடப்பாக இருந்தால், அது தவறு, சட்டப்படி குற்றம் என்று நேராகச் சொல்வது உங்கள் கடமை. பொருளாதார அளவுகோலில் ஒதுக்கீடு தரலாமா என்பதோ தீராத கேள்வி. அத்தகைய ஒதுக்கீட்டைக் கொண்டுவந்த 103-ஆவது அரசமைப்புத் திருத்தத்தை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற கணக்கில்தான் ஏற்றது. தமிழ்நாட்டில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் அதை நிராகரித்தது. பட்டியல் சாதியினருக்குள் உட்பிரிவு செய்யலாம் என்ற 2024 ஆகஸ்ட் தீர்ப்பிலும் ஒரு நீதிபதி மாறுபட்டார். ஐந்து நீதிபதிகள் ஒரே ஆவணங்களைப் படித்து மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும்போது, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பிரிவது இயல்பு. அங்கே உங்கள் கருத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால், எல்லாரும் எழுதி முடித்த பிறகு சொல்கிறேன் என்று சொல்லி, அப்படியே சொல்லவும் செய்யலாம், காரணங்களோடு. ஆனால் உங்களிடம் மதிப்பெண் இருக்கிறது என்பதையும், ஊருக்குள் ஆசிரியரின் சாதி இன்னதென்று எல்லாருக்கும் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் கருத்தை அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

முதலில் கேட்ட அந்த மாணவரைக் கண்டிக்க வேண்டியதில்லை. அவருடைய கேள்வி, 1950-இல் நீதிமன்றத்துக்குப் போன அதே கேள்வி. அதைப் பாடத்தில் உள்ள ஒரு கேள்வியாக நீங்கள் மதித்து எடுத்துக்கொண்டால், அவர் அதைப் பக்கத்து வரிசைப் பிள்ளைமீது எறிய வேண்டிய தேவை குறையும்.

ஏழாம் வகுப்புக்கும் நீங்கள் சென்றால், இந்தப் பழக்கத்தை அங்கிருந்தே தொடங்கிவிடலாம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த சோழர் காலக் குடவோலை முறையை உலகுக்கு முன்னோடியான மக்களாட்சி என்று சொல்லி முடிப்பதோடு நிற்காமல், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட விதிகளை வாசியுங்கள். சபைக்கு நிற்பவருக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குள்ளும் வயது வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. யார் பெயரெல்லாம் அந்தக் குடத்துக்குள் விழ முடியும், உத்திரமேரூரில் உழுதவர் பெயர் விழுமா, ஒரு பெண்ணின் பெயர் விழுமா என்று கேட்டால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தெளிவாகப் பதில் சொல்வார்கள். அந்தச் சபையின் கணக்குக் கண்டிப்பை வியக்கவும், அதன் எல்லையைக் காணவும் ஒரே பாடத்தில் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி என்பதால் யார் முகமும் அங்கே சிவக்காது. பத்தாம் வகுப்புக்கு வரும்போது கேள்வி கேட்கும் முறை அவர்களுக்குப் பழகியிருக்கும்.

புகார் செய்த தந்தையைத் தலைமையாசிரியர் அறையில், அவர் முன்னிலையிலேயே சந்தியுங்கள். பாடநூலைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இது அரசு வெளியிட்ட நூல், பொதுத்தேர்வுக்கு உரிய பாடம் என்பதை முதலில் அவர் பார்க்கட்டும். அடுத்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதில் எந்தச் சாதியைப் பற்றியும் இழிவான ஒரு சொல் இல்லை என்பதையும், இரண்டு தரப்பும் இருக்கின்றன என்பதையும் அவரே காண்பார். தம் மகன் எந்தக் கருத்தை எழுதினாலும், காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு என்று உறுதி சொல்லுங்கள். அவருடைய மனத்தாங்கல் உண்மையில் அன்று வகுப்பில் தம் மகனைப் பார்த்து எழுந்த பதிலைப் பற்றியதாக இருந்தால், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மறுக்கவோ, எதிர்த்தரப்பு மாணவரின் பெயரைச் சொல்லவோ வேண்டாம்.

தலைமையாசிரியரிடம் மூன்று பாடவேளைக்கான பாடக்குறிப்பை முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். தாளின் ஒரு படி, வகுப்பு விதிகளின் ஒரு படி, எந்தப் பாடவேளையில் எது என்ற விவரம் ஆகியவை அதில் இருக்கட்டும். முடிந்தால், இரண்டாம் பாடவேளையின்போது வகுப்புக்கு வந்து பின்வரிசையில் அமருமாறு அவரை அழையுங்கள். அவருக்கு இருப்பது பாடத்தின்மீதான வெறுப்பன்று. ஊரில் ஏதேனும் நடந்துவிட்டால் தாம் பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலை. எழுத்தில் உள்ள ஒரு திட்டம் அவர் கையில் இருந்தால், அடுத்த முறை ஒருவர் புகாரோடு வரும்போது அவரே அதை எடுத்துக் காட்டிப் பேச முடியும்.